தேய்ந்த உருளைக்கு மறுவாழ்வு

உங்கள் தலைமுடி ஒன்றை எடுத்துப் பள்ளிச் சோதனைக்கூடத்திலுள்ள திருகு அளவியில் வைத்து அளந்து பாருங்கள். அதன் தடிமன் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் இருக்கும். மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றின் உருளைச் சுவரிலிருந்து இந்த அளவு உலோகம் தேய்ந்துபோனால் என்ன ஆகும்? ‘ஒரு முடியளவுதானே, போனால் போகட்டும்’ என்று தோன்றுகிறதா? அந்த ஒரு முடியளவில் எஞ்சின் கிளம்ப மறுக்கும். மேடு ஏறத் திணறும். அதைச் சரிசெய்யும்போது இடைவெளியை அளவுக்குமேல் குறைத்து வைத்தாலோ, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பின்சக்கரமே திடீரென்று பூட்டிக்கொள்ளும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரின் மீது ஓட்டுபவரின் கைகால்கள் இருக்கின்றன என்றால் அது மிகையல்ல.

மேடும் பள்ளமும் மணலும் சேறும் நிறைந்த தடங்களில் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் வண்டியை ‘டர்ட் பைக்’ என்பார்கள். இவ்வகைப் பந்தயம் 1924-இல் இங்கிலாந்தின் கேம்பர்லி என்ற ஊரில் தொடங்கியது. பிற்காலத்தில் ஜப்பானிய, ஐரோப்பிய நிறுவனங்கள் இதற்கெனச் சிறிய, எடை குறைந்த இரு வீச்சு எஞ்சின்களைச் செய்தன. அத்தகைய எஞ்சின் ஒன்றின் உருளை ஏன் தேய்கிறது, அதை எப்படி அளப்பது, எப்படிச் சீராக்குவது என்பதை இங்கே காண்போம். உங்களுக்குத் தெரிந்த இயற்பியலே இதற்குப் போதும்.

இரு வீச்சு எஞ்சின்

பட்டறைகளில் ‘டூ ஸ்ட்ரோக்’ என்று சொல்லப்படும் இந்த எஞ்சினில், பிஸ்டன் ஒருமுறை மேலே போய் ஒருமுறை கீழே வருவதற்குள் ஒரு முழுச் சுழற்சி முடிந்துவிடும். தலைப்பகுதியில் திறந்து மூடும் வால்வுகள் இல்லை. உருளையின் சுவரிலேயே துளைவாய்கள் உண்டு. மெக்கானிக்குகள் இவற்றை ‘போர்ட்’ என்பார்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது இத்துளைவாய்களைத் தானே மூடித் திறக்கிறது. புதிய பெட்ரோல் கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் வந்து, அங்கிருந்து உருளைக்குள் ஏறுகிறது. அந்த அறையில் எண்ணெய் தேக்கி வைக்க முடியாது. ஆகவே மசகு எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே அனுப்ப வேண்டும்.

இதில் இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, உருளைக்குக் கிடைக்கும் எண்ணெய் மிகக் குறைவு. மற்றொன்று, பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள், அதாவது ‘ரிங்’குகள், ஒவ்வொரு வீச்சிலும் துளைவாய்களின் விளிம்பைத் தாண்டிச் செல்ல வேண்டும்.

ஏன் தேய்கிறது?

யமஹா ஒய்இஸட் 125 என்ற பந்தய வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் உருளை விட்டம் 54 மி.மீ.; பிஸ்டனின் வீச்சு 54.5 மி.மீ. எஞ்சின் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது என்று கொண்டால், விநாடிக்கு 183 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு வீச்சு. எனவே பிஸ்டனின் சராசரி வேகம் 2 × 0.0545 × 183, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர். நூறு மீட்டர் ஓட்டத்தில் உலகின் மிக வேகமான மனிதர் ஓடும் வேகத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இது. இந்த வேகத்தில் ஓடி, ஐந்தரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை நின்று, திரும்பி ஓட வேண்டும்!

இப்படி நின்று திரும்பும் இடத்தில்தான் முதல் தேய்மானம். வளையம் வேகமாக ஓடும்போது அதற்கும் சுவருக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. மழையில் வேகமாகச் செல்லும் டயர் நீர்ப்படலத்தின் மேல் மிதப்பதில்லையா? அதைப் போலத்தான். ஆனால் பிஸ்டன் உச்சியை அடைந்து ஒரு கணம் நிற்கும்போது வேகம் சுழி. படலம் கிழிகிறது, உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. அதே நேரத்தில்தான் மேலே கலவை தீப்பற்றி வெடிக்கிறது. அந்த வாயு, வளையத்தின் பின்புறம் நுழைந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. வெப்பமும் அங்கேதான் மிகுதி. ஆகையால் உருளை மேல்பகுதியில் அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேய்ந்து புனல்போல் ஆகிறது. வளையம் எட்டாத உச்சி விளிம்பு மட்டும் தேயாமல் வரம்பாக நிற்கும். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும்.

இரண்டாவது காரணம் பக்க விசை. இணைப்புத் தண்டு நேராக நிற்பதில்லை. சாய்ந்து நின்று தள்ளுகிறது. விசையைக் கூறுகளாகப் பிரிக்கக் கற்றிருக்கிறீர்கள் அல்லவா? ஒரு கூறு உருளையின் நீளவாக்கில். மற்றொரு கூறு பிஸ்டனைச் சுவரோடு தள்ளுகிறது. கிராங்க் தண்டு வண்டிக்குக் குறுக்காக இருப்பதால் இந்தத் தள்ளல் முன்பின்னாகவே அமையும். எனவே வட்டமாக இருந்த துளை முட்டை வடிவம் பெறுகிறது.

மூன்றாவது, தூசி. மணலின் பெரும்பகுதி குவார்ட்சு. மோ கடினத்தன்மை அளவுகோலில் அதன் எண் 7. வார்ப்பிரும்பு அதைவிட மென்மையானது. காற்று வடிகட்டி அழுக்கேறியோ கிழிந்தோ இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் உருளைக்குள் உப்புக் காகிதம் வைத்துத் தேய்ப்பது போலாகும். மண் தடத்தில் ஓடும் வண்டிக்கு இதுவே முதல் எதிரி.

தேய்ந்த எஞ்சின் உதைத்தால் எளிதில் கிளம்பாது. கிளம்பிவிட்டால் ஓரளவு ஓடும். இது ஏன் என்று சிந்தித்ததுண்டா? உதைக்கும்போது பிஸ்டன் மெதுவாக ஏறுகிறது. வளையத்தின் ஓரமாகக் கலவை கசிந்து வெளியேற நிறைய நேரம் கிடைக்கிறது, அழுத்தம் சேர்வதில்லை. 11,000 சுற்று வேகத்திலோ ஒரு முழுச்சுற்றுக்கே ஆயிரத்தில் ஐந்தரைப் பங்கு விநாடிதான். கசிய நேரமில்லை. ஓட்டைக் குடத்தில் மெல்ல நீர் ஊற்றினால் நிறையாது. வேகமாக ஊற்றினால் நிறையும். அவ்வளவுதான்!

அளந்த பிறகே அரிவாள்

நம் ஊர்ப் பட்டறைகளில் நன்கு பழக்கமான யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை இப்போது எடுத்துக்கொள்வோம். இது 1985 முதல் 1996 வரை இந்தியாவில் செய்யப்பட்டது; இன்றும் பலரால் பேணப்பட்டு வருகிறது. இதுவும் இரு வீச்சு எஞ்சினே. விட்டம் 50 மி.மீ.; வீச்சும் 50 மி.மீ. உருளையின் உட்பக்கம் வார்ப்பிரும்பு.

உள்விட்டத்தை ‘போர் கேஜ்’ என்ற கருவியால் அளப்பார்கள். மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வொன்றிலும் முன்பின், இடவலம் என இரு திசைகளிலும், துளைவாய்களைத் தவிர்த்து அளக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு:

மேலே: முன்பின் 50.11, இடவலம் 50.06
நடுவில்: முன்பின் 50.07, இடவலம் 50.04
கீழே: முன்பின் 50.02, இடவலம் 50.01 மி.மீ.

மேலும் கீழுமான வேறுபாடு 50.11 – 50.02 = 0.09 மி.மீ. இது புனல் தன்மை. மேற்பகுதியில் இரு திசைகளின் வேறுபாடு 0.05 மி.மீ. இது முட்டைத் தன்மை. புதிய வளையம் மட்டும் போட்டால் போதாதா என்று கேட்கலாம். வட்டமான வளையம் முட்டை வடிவத் துளையில் எங்கும் ஒட்டி உட்காருவது கடினம். தேய்ந்த செருப்பின் ஒற்றைக் காலை மட்டும் மாற்றினாற்போல் அது அரைகுறை வேலையே.

போர் கேஜ் இல்லையென்றால்? இங்கேதான் கணிதம் கைகொடுக்கிறது. புதிய வளையம் ஒன்றை உருளைக்குள் நுழைத்து, பிஸ்டன் தலையால் தள்ளிச் சமமாக உட்கார வையுங்கள். வளையத்தின் இரு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி தெரியும். அதை ‘ஃபீலர் கேஜ்’ எனப்படும் மெல்லிய எஃகுத் தகடுகளால் அளக்கலாம். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் 3.14 மடங்கு அல்லவா? எனவே விட்டம் கூடினால் இடைவெளி அதைப்போல் 3.14 மடங்கு கூடும். கீழே இடைவெளி 0.20 மி.மீ., மேலே 0.42 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 0.22. அதை 3.14-ஆல் வகுத்தால் 0.07. மேலே கண்ட அட்டவணையில் மேல் விட்டங்களின் சராசரி 50.085, கீழ் விட்டங்களின் சராசரி 50.015. வேறுபாடு அதே 0.07! பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி போல வளையமே செயல்படுகிறது. ஆனால் இம்முறையில் சராசரி மட்டுமே தெரியும். முட்டைத் தன்மை தெரியாது.

துளையிட்டுப் பெரிதாக்குதல்

வார்ப்பிரும்பு உருளைக்கு மருத்துவம் எளிது. தேய்ந்த பகுதி முழுவதும் மறையும்வரை துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவதே அது. இதற்காக 0.25, 0.50 மி.மீ. எனப் படிப்படியாகப் பெரிய பிஸ்டன்கள் விற்கப்படுகின்றன. பட்டறை மொழியில் இது ‘போரிங்’.

நம் எடுத்துக்காட்டில் மிகப் பெரிய விட்டம் 50.11. முதல் படியான 50.25 போதுமா? ‘தாராளமாக’ என்று சொல்லிவிடாதீர்கள். தேய்வு முழுவதும் ஒரே பக்கத்தில் நேர்ந்திருந்தால், பழைய மையத்திலிருந்து அந்தச் சுவர் 25.11 மி.மீ. தொலைவில் இருக்கும். புதிய துளையின் ஆரம் 25.125. ஆக, அந்தப் பக்கத்தில் வெட்டக் கிடைப்பது 0.015 மி.மீ. மட்டுமே! ஆழமான கீறல் ஒன்று இருந்தாலும் அடுத்த படிக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்து, பிஸ்டனுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது? வெப்ப விரிவு இங்கே நடுவராக வருகிறது. பிஸ்டன் சிலிக்கான் கலந்த அலுமினியத்தால் ஆனது. அதன் நீள் விரிவு எண் ஒரு பாகைக்குப் பத்து இலட்சத்தில் 18 பங்கு என்று கொள்வோம். வார்ப்பிரும்புக்கு 11 பங்கு. ஓடும்போது பிஸ்டனின் பாவாடைப் பகுதி 100 பாகை சூடேறுகிறது, உருளை 80 பாகை சூடேறுகிறது என்றால்:

பிஸ்டன் விரிவு: 50 × 18 × 100 ÷ 10,00,000 = 0.090 மி.மீ.
உருளை விரிவு: 50 × 11 × 80 ÷ 10,00,000 = 0.044 மி.மீ.

வேறுபாடு 0.046 மி.மீ. குளிர்ந்த நிலையில் 0.03 மட்டுமே விட்டிருந்தால் இந்த எஞ்சினில் சூடேறியதும் பிஸ்டன் சுவரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பார்கள். சங்கிலி வழியாகப் பின்சக்கரமும் நின்றுவிடும். அந்த நொடியில் கிளட்சைப் பிடித்தால் சக்கரம் விடுபடும்; பிடிக்காதவர் தரையில் கிடப்பார். பயந்து 0.15 விட்டால் என்ன? பிஸ்டன் கடகடவென்று இருபுறமும் மோதும். பாவாடை விரிசல் கண்டு உடையவும் கூடும். எனவே எஞ்சினுக்குரிய கையேடு சொல்லும் இடைவெளியே சட்டம். புதிய பிஸ்டனை அளந்து, அதனோடு இடைவெளியைக் கூட்டி, அந்த அளவுக்கே துளையிட வேண்டும். பிஸ்டன் கைக்கு வருமுன் துளையிடச் சொல்வது, ஆளை அளக்காமல் சட்டை தைப்பதாகும்.

துளையிடும் கருவி இலக்கு அளவுக்குச் சில நூறில் பங்கு மில்லிமீட்டர் முன்பே நின்றுவிடும். மீதியைச் சாணைக்கற்கள் பொருத்திய ‘ஹோனிங்’ கருவி தேய்த்து எடுக்கும். அது சுழன்றுகொண்டே மேலும் கீழும் போவதால் சுவரில் பின்னல் கோடுகள் விழும். கருவி நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் 50 மி.மீ. துளையில் கல்லின் சுழல்வேகம் விநாடிக்கு 0.52 மீட்டர். மேல்கீழ் வேகம் விநாடிக்கு 0.30 மீட்டர் என்றால், 0.30 ÷ 0.52 = 0.577, இது 30 பாகையின் டான்ஜென்ட். ஒரு கோடு 30 பாகை ஏறும், மற்றது 30 பாகை இறங்கும். இரண்டும் 60 பாகையில் வெட்டிக்கொள்ளும். இவை வெறும் அழகுக் கோடுகள் அல்ல. குறைவாகவே கிடைக்கும் எண்ணெயைத் தேக்கி வைக்கும் நுண் வாய்க்கால்கள்.

இரு வீச்சு எஞ்சினுக்கு மேலும் ஒரு வேலை உண்டு. துளையிட்ட பின் துளைவாய்களின் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கும். அப்படியே விட்டால் வளையம் அதில் சிக்கி முறியும். எனவே எல்லா விளிம்புகளையும் சற்று மழுக்கிவிட வேண்டும். பின்னர் உருளையைச் சுடுநீரும் சோப்பும் இட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். பெட்ரோலில் அலசினால் எண்ணெய் போகும். கோடுகளுக்குள் ஒட்டிய சாணைத்தூள் போகாது. எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். அதுவரை கழுவுங்கள். பிறகு உடனே எண்ணெய் பூசாவிட்டால் துரு ஏறும்.

அலுமினிய உருளையும் நிக்கல் பூச்சும்

இன்றைய பந்தய வண்டிகளில் வார்ப்பிரும்பு இல்லை. உருளை முழுவதும் அலுமினியம். ஏன்? வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியக் கலவை, வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வல்லது. எடையோ பாதிக்கும் குறைவு. பிஸ்டனும் உருளையும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால் இடைவெளியும் அதிகம் மாறாது. ஆனால் அலுமினியம் மென்மையானது. அலுமினியத்தின் மேல் அலுமினியம் ஓடினால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே உட்சுவரில் நிக்கல் பூசி, அந்த நிக்கலுக்குள் சிலிக்கான் கார்பைடு துகள்களைப் பதிக்கிறார்கள். ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-இல் வாங்கெல் சுழல் எஞ்சினுக்காக உருவாக்கிய இப்பூச்சுக்கு ‘நிக்கசில்’ என்று பெயர். சிலிக்கான் கார்பைடின் மோ எண் 9-க்கும் மேல். மணலின் 7 இதனிடம் எளிதில் தோற்கும்.

இப்பூச்சின் தடிமன் 0.1 மி.மீ. அளவே. இதைத் துளையிட்டுப் பெரிதாக்க முடியாது. பூச்சு போய் அலுமினியம் வெளிப்பட்டுவிடும். மேலும் ஒரு தடை உண்டு. ஒய்இஸட் 125-இன் கொள்ளளவைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 124.8 கன சென்டிமீட்டர். விட்டம் 0.04 மி.மீ. கூடினாலே 125-ஐத் தொட்டுவிடும்! 125-ஐ மேல்வரம்பாகக் கொண்ட பந்தயத்தில் அது வேறு பிரிவு வண்டியாகிவிடும். எனவே பழைய விட்டத்துக்கே திரும்புவதுதான் வழி.

இறுகிப் பிடித்த உருளையில் சுவர் முழுவதும் பாழ்பட்டதுபோல் தோன்றலாம். பல வேளைகளில் அது பிஸ்டனின் அலுமினியம் பூச்சின் மேல் அப்பியதாகவே இருக்கும். காரக் கரைசலில் அலுமினியம் கரையும்; நிக்கல் கரையாது. இதைக் கொண்டு அப்பலை நீக்கலாம். ஆனால் கரைசல் வெளிப்புற அலுமினியத்தையும் கண்ணையும் தோலையும் அரிக்கும். இது தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை, நீங்கள் முயலாதீர்கள்.

பூச்சே பெயர்ந்திருந்தால், எஞ்சியதை நீக்கி, பள்ளங்களைப் பற்றவைத்து நிரப்பி, சமப்படுத்தி, மறுபடி பூச வேண்டும். அலுமினியத்தின் மேல் நொடியில் ஆக்சைடு படலம் உருவாகும். அதன் மேல் நிக்கல் ஒட்டாது. ஆகவே முதலில் மெல்லிய துத்தநாகப் படலம் ஏற்றி, பின்னரே நிக்கல் கரைசலில் மின்முலாம் பூசுகிறார்கள்.

எவ்வளவு நேரமாகும்? பாரடே விதியைப் பயன்படுத்துவோம். உட்பரப்பு 54 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. உயரமும் உடையது என்றால் பரப்பு ஏறத்தாழ 170 சதுர சென்டிமீட்டர். 0.1 மி.மீ. பூச்சுக்குப் பருமன் 1.7 கன சென்டிமீட்டர். நிக்கலின் அடர்த்தி 8.9, எனவே நிறை 15 கிராம். ஒரு கூலும் மின்னூட்டம் 0.000304 கிராம் நிக்கலைப் படிய வைக்கும். ஆக, தேவை ஏறத்தாழ 50,000 கூலும். 17 ஆம்பியர் செலுத்தினால் சுமார் 2,900 விநாடி, அதாவது 49 நிமிடம். மின்சாரம் முழுவதும் நிக்கலைப் படிய வைக்கவே பயன்படுகிறது என்று கொண்ட கணக்கு இது. பூச்சு முடிந்ததும் வைரத்துகள் கற்களால் அளவுக்குத் தேய்க்கிறார்கள். சிலிக்கான் கார்பைடைத் தேய்க்க வேறு எது உதவும்?

இரும்பு உறை பொருத்துதல்

மூன்றாவது வழியும் உண்டு. அலுமினிய உருளையைப் பெரிதாகத் துளையிட்டு, அதற்குள் வார்ப்பிரும்பு உறை ஒன்றை இறுக்கமாகப் பொருத்தலாம். இதை ‘லைனர்’ அல்லது ‘ஸ்லீவ்’ என்பார்கள். உறையின் வெளிவிட்டம் துளையைவிடச் சற்றுப் பெரியது. உருளையைச் சூடாக்கினால் துளை விரியும். குளிர்ந்த உறையை உள்ளே இறக்கலாம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டும் அதே தத்துவம்!

ஆனால் எச்சரிக்கை. துளை 60 மி.மீ. என்றும், ஓடும்போது 100 பாகை சூடேறுகிறது என்றும் கொள்வோம். அலுமினியம் 22 பங்கும் இரும்பு 11 பங்கும் விரிவதால், 60 × 11 × 100 ÷ 10,00,000 = 0.066 மி.மீ. இறுக்கம் ஓட்டத்தில் தளர்ந்துவிடும். தொடக்க இறுக்கம் இதைவிடக் குறைவாக இருந்தால் உறை உள்ளே ஆடத் தொடங்கும். துளைவாய்கள் இடம் மாறும். எனவே இறுக்கத்தைக் கணக்கிட்டே வைக்க வேண்டும். உறை பொருத்தியபின் பிஸ்டன் இடைவெளியையும் இரும்புக்கு ஏற்றபடி கூட்ட வேண்டும். பழைய அலுமினியக் கணக்கு இங்கே செல்லாது. இந்த வழியில் பின்னர் மீண்டும் மீண்டும் துளையிட்டுக்கொள்ளலாம் என்பது வசதி. வெப்பம் வெளியேறுவது குறையும் என்பது இழப்பு.

முடிவாக

சீராக்கிய எஞ்சினை முதல் நாளிலேயே முழுவேகத்தில் விரட்டக் கூடாது. மெல்லச் சூடேற்றி, ஆறவிட்டு, சிறிது சிறிதாக வேகம் கூட்டினால் வளையமும் சுவரும் ஒன்றோடொன்று பழகும். பெட்ரோலில் சரியான விகிதத்தில் எண்ணெய், பழுதற்ற காற்று வடிகட்டி என்ற இரண்டும் இல்லாவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண். ஏன் தேய்ந்தது என்று கண்டுபிடிக்காமல் தேய்ந்ததை மட்டும் மாற்றுபவர், கூரை ஒழுகுவதை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பவர்.

விசைக் கூறுகள், வெப்ப விரிவு, பாரடே விதி, வட்டத்தின் சுற்றளவு: எல்லாம் உங்கள் பாடநூலில் உள்ளவை. தேர்வுத்தாளில் அவை பிழைத்தால் போவது மதிப்பெண். பட்டறையில் பிழைத்தால் போவது ஒருவரின் கால். அடுத்த முறை திருகு அளவியைக் கையில் எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்: யமஹா ஒய்இஸட் 250 வண்டியின் உருளை விட்டம் 66.4 மி.மீ.; வீச்சு 72 மி.மீ. அதன் கொள்ளளவு என்ன? விட்டம் எவ்வளவு கூடினால் 250 கன சென்டிமீட்டரை எட்டும்?

விடை: 249.3 கன சென்டிமீட்டர், 0.09 மி.மீ.